பூத்த மரத்தில் ஒரு சிவப்புப் பட்டை

"அந்த ருமியானாதான் பட்டையை வெட்டியிருக்கா டாக்டர். பொறாமை புடிச்சவ," என்றாள் நெவேனா. அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஆஸ்பத்திரித் தவறுகளை விசாரிக்கும் டாக்டர் கரஜோவ் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மணிக்கட்டில் பெயர் எழுதிய சிவப்புத் துணிப்பட்டை கட்டுவது தலைமை நர்ஸ் நெவேனாவின் யோசனை. அதற்கு விருதும் வாங்கினாள். கூடப் படித்த நர்ஸ் ருமியானா அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று பஸ் டிரைவர் ஸ்தாமென் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். கையில் பட்டை இல்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்த புது டாக்டர் பெனிசிலினைப் போட்டுவிட்டார். ஸ்தாமென் மூச்சு முட்டி நீலம் பாரித்தார். பக்கத்தில் நின்ற ருமியானா நின்ற இடத்திலிருந்தே ஒவ்வாமைக்கான முறிவு ஊசியை எடுத்துக் குத்திப் பிழைக்க வைத்தாள். இப்போது ஆஸ்பத்திரி முழுக்க அவள் புராணம்தான். நெவேனாவின் பதவி போய்விடும் என்று வேறு பேச்சு.

"நேத்து காலைல நீ எங்க இருந்தே?"

தோட்டத்தில் என்றாள் நெவேனா. பிளம் மரம் பூத்துவிட்டது. வசந்தம் வரட்டுமென்று மார்ச் முதல் தேதி எல்லாரும் கையில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை எடுத்துப் பூத்த மரத்தில் கட்டுவதுதானே ஊர் வழக்கம்? எழுந்து நடக்க முடியாதவர்களின் நூல்களை அவளே வெட்டி, அள்ளிக்கொண்டுபோய்க் கட்டினாள். ஸ்தாமெனின் பேத்திகள் அவர் கையில் கட்டுப் போட்டதுபோல நூலைச் சுற்றியிருந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

கரஜோவ் சிரிக்கவில்லை. ருமியானாவையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நூல் கொத்துகளை ஒவ்வொன்றாக விலக்கினார். ஒன்றின் நடுவே ஸ்தாமென் பெயரோடு சிவப்புப் பட்டை இருந்தது.

"நூலோட சேத்து நீயே வெட்டிட்டே, நெவேனா."

ருமியானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"நீ சிரிக்காதே," என்றார் கரஜோவ். "முறிவு ஊசி இருக்கற அலமாரி தாழ்வாரத்தோட அந்தக் கோடியில. நீ கட்டிலை விட்டு நகரவே இல்ல. அவருக்கு மூச்சு முட்டறதுக்கு முன்னாடியே அது உன் பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

ருமியானா மரத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவருக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். கை வெறுமையா இருந்ததைப் பாத்தேன். ஊசியை எடுத்து வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். அவ பட்டை தோக்கணும், நான் காப்பாத்தணும். ஒரு நாளாவது எம்பேரைச் சொல்லட்டும்னு இருந்துச்சு."

நெவேனா செய்தது கைத்தவறு, அதைத் திருத்த வழி உண்டு என்றார் கரஜோவ். இனிப் பட்டை மஞ்சள் நிறம்; அதை மட்டும் நம்பாமல், நோயாளியையோ வீட்டாரையோ கேட்ட பிறகுதான் ஊசி. ருமியானாவை இனி வார்டுப் பக்கம் வர வேண்டாம் என்றார்.

ஸ்தாமெனிடம் உண்மையைத் தானே சொல்வதாக நெவேனா உள்ளே போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார்.

"அந்த ருமியானாப் பொண்ணு எங்கம்மா? தெய்வம் மாதிரி வந்தா. எம்மக அவளுக்குன்னு சீஸ் பணியாரம் சுட்டுக் கொண்டாந்திருக்கா."

தன் தப்பைச் சொல்ல வந்த அந்த நிமிஷத்திலும் நெவேனாவுக்கு வயிறு எரிந்தது.