சரியாக எழுதப்பட்ட வியாழன்

"எங்க பிள்ளைங்களோட குரலையே யாரோ அழிச்சுட்டாங்க சார்," என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார் அந்த அம்மாள். அவர் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தின் தலைவி.

துப்பறிபவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். இந்த நிதானத்துக்காகவே ஊர் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருந்தது. அவருடைய மனைவியின் தம்பிக்கோ நிதானம் என்றாலே ஆகாது. அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அளிச்சது யாரு?" என்றான்.

"அழிச்சது. ழ," என்று திருத்தினார் தலைவி. வீடு பற்றி எரிந்தாலும் அவர் ஓர் எழுத்தை விடமாட்டார் போலிருந்தது.

ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் பதிவுசெய்து, முன்னதோடு ஒப்பிட்டுத்தான் அங்கே பயிற்சி. அத்தனையும் ஒரே கணினியில். நகலுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க்குகள்: ஞாயிறுக்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று. போன ஞாயிறன்று மின்சாரம் தாறுமாறாக ஏறிக் கணினியும், அதில் செருகியிருந்த ஞாயிறு டிஸ்க்கும் கருகிப்போயின. பீரோவிலிருந்த வியாழன் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் காலி.

"கணினிக்காரரை நாளைக்கு வேலையை விட்டு அனுப்பறேன். போலீசுக்கும் போவேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

நிலையத்தில் ஆமை அந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். லேபிளில் 'வியாழன்' என்று இருந்தது.

"முத்து முத்தா எழுதியிருக்காங்க மாமா," என்றான் மச்சான்.

கணினிக்காரர் தலை நிமிரவே இல்லை. "வாராவாரம் செருகினேன் சார். பச்சை லைட் எரிஞ்சுது, போயிட்டேன். உள்ள ஏறிச்சான்னு திறந்து பாக்கலை. தப்புதான். ஆனா சத்தியமா நான் அழிக்கலை."

"லேபிளாவது பாப்பீங்களா?" என்றார் ஆமை.

"அது அடிப்பக்கம் இருக்கும் சார். நம்ம பயிற்சி டீச்சரோட பையன், இங்கயே படிச்சவன், அவன் ஒட்டினது. ழ வராது அவனுக்கு. 'வியாளன்'னு எழுதிட்டான். மேடம் மாத்தச் சொல்லித் திட்டினாங்க. போன வருஷம் அவன் காய்ச்சல்ல போயிட்டான். அப்புறம் எனக்கு மாத்த மனசே வரலை."

ஆமை லேபிளை மறுபடி பார்த்தார். பிறகு, "சமீபத்துல எதையாவது அழிக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"போன மாசம் உத்தரவு வந்துச்சு. இறந்துபோன பிள்ளைங்களோட பதிவை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு. கணினியிலயும் ஞாயிறு டிஸ்க்லயும் அழிச்சேன். வியாழன்ல மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

பயிற்சி அறையின் சுவரில் ஆசிரியை எழுதிய எழுத்து அட்டைகள் தொங்கின. அங்கிருந்த ழகரத்தின் வால் ஒரு சுற்றுச் சுற்றி மேலேறியது. லேபிளிலும் அதே வால். ஆமை எல்லாரையும் அந்த அறைக்கே வரச் சொன்னார்.

"இது உங்க டிஸ்க்கே இல்ல," என்றார். "உங்களோடதுல எழுத்துப்பிழை இருக்கணும். இதுல இல்ல. யாரோ அதை எடுத்துட்டுப் புதுசு வெச்சிருக்காங்க. பழக்கமில்லாத டிஸ்க்ல கணினி எதையும் ஏத்தலை. அந்தப் பழசு கிடைச்சா, ஒரு மாசப் பதிவு தவிர எல்லாம் திரும்பி வந்துடும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பயிற்சி ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "நீங்களும் 'வியாளன்'னே எழுதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

ஆசிரியை மறுக்கவில்லை. "எழுதப் பாத்தேன் சார். கை வரலை. அது அவன் தப்பு. அதை நான் எப்படி எழுதறது?"

கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோணல்மாணலான எழுத்தில் 'வியாளன்'.

"கேட்டுட்டே இருந்தீங்களா?" என்றான் மச்சான்.

"கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கே. ஒரு தடவைகூட கேக்கலை. அழிச்சிடுவாங்களேன்னு எடுத்துட்டுப் போனேன். கடைசி வகுப்புல அவனுக்கு ழ வந்துடுச்சு. வீட்டுல இருக்கற எந்தப் பதிவுலயும் அது இல்ல." கணினிக்காரரைப் பார்த்துக் கை கூப்பினார். "உங்க மேல பழி வரும்னு நினைக்கலை அண்ணா. இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் கொண்டாந்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நகல் கொடுத்திருப்பேனேம்மா," என்றார் தலைவி.

"கேக்கணும்னா அவன் பேரைச் சொல்லணுமே மேடம். வாய் வரலை."

தலைவி கணினிக்காரரிடம், "நீங்க எங்கயும் போக வேண்டாம். இனிமே திறந்து பாத்துட்டுப் போங்க," என்றார். "இப்ப அந்தக் கடைசி வகுப்பைப் போடுங்க."

கணினிக்காரர் வேறொரு கணினியில் டிஸ்க்கைச் செருகிக் கடவுச்சொல்லை அடித்தார். பதிவில் முதலில் கேட்டது ஆசிரியையின் குரல்தான்: "ஜன்னல்ல என்ன தெரியுது, கண்ணா?"

"மளை," என்றது ஒரு சின்னக் குரல். "அம்மா, மளை."

ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணீர் ஓட, "கேட்டீங்களா மேடம்? சரியாச் சொல்லிட்டான்," என்றார்.

மச்சான் வாயைத் திறந்தான். ஆமை அவன் கையை இறுகப் பிடித்தார்.

தலைவி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமாம்மா. சரியாத்தான் சொல்றான்," என்றார்.