தேநீருக்கு வந்தவர்

மோரீன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது படகு பின்பக்கமாக ஒரு அமுங்கு அமுங்கியது. யாரோ பின்தளத்தில் காலை வைத்து ஏறினால் எப்படி அமுங்குமோ, அப்படி. குறுகலும் நீளமுமான இரும்புப் படகில் கோடை முழுக்கக் குடித்தனம் செய்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறுவது ஒல்லியா குண்டா என்பதைக்கூட உள்ளங்கால் சொல்லிவிடும்.

"ட்ரெவர், வெளியில என்ன பண்றே?"

"நானா? நான் இங்கதானே இருக்கேன்."

உண்மைதான். அவள் கணவர் விறகடுப்பின் முன்னால் காலை நீட்டிக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மோரீன் கோப்பையைப் பார்த்தாள். தேநீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ஏறியவர் இறங்கியிருந்தால் படகு பழையபடி மேலே வந்திருக்கும். வரவில்லை.

"கரையில கட்டின கயிறு இறுகியிருக்கும்" என்றார் ட்ரெவர். "இல்லாட்டி நம்ம விருந்தாளி வந்திருப்பாரு. நான்தானே டீக்குக் கூப்பிட்டேன்?"

"அதை ஞாபகப்படுத்தாதே."

மத்தியானம் பழைய மாவு ஆலையைத் தாண்டி வரும்போது, நாணல் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றிருந்தார். மீன் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தாள். கையில் தூண்டில் இல்லை. ஆற்றில் போகிறவர்கள் எதிரே யாரைக் கண்டாலும் கை ஆட்டுவார்கள், அவளும் ஆட்டினாள். அந்த ஆள் அசையவில்லை. ட்ரெவருக்கு வாய் சும்மா இருக்காது. "என்னப்பா, தண்ணி ஜில்லுனு இருக்கா? நம்ம படகுக்கு வா, சூடா டீ போட்டுத் தரேன்!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த முகம் மெல்ல அவர்கள் பக்கம் திரும்பியது.

படகுக்காரர்கள் அடுத்தவர் படகில் கேட்காமல் கால் வைக்க மாட்டார்கள். கரையில் நின்று கூரையைத் தட்டி, வரலாமா என்று கேட்டு, வா என்று குரல் வந்த பிறகுதான் ஏறுவார்கள். இந்த ஆளை ஏற்கெனவே வா என்று சொல்லியாகிவிட்டது.

வெளியே அக்டோபர் மாதத்து அந்தி, நென் ஆற்றின் மேல் பனிமூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. வில்லோ மரத்தின் கிளை கூரையில் உரசி உரசி ஓய, படகின் அடிவயிற்றில் தண்ணீர் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்க, நாள்பட்ட பூஜாடித் தண்ணீரின் வாடை பின்கதவுப் பக்கமிருந்து விறகுப் புகையையும் மீறி உள்ளே வந்தது. தேநீரின் சரிவு இடம் மாறியது. பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு. ஏதோ ஒரு பாரம் படகின் விளிம்போடு நடந்து வருகிறது. இரும்பின் மேல் ஈரக் கை இழுபடும் ஓசை ஜன்னல் ஜன்னலாகக் கடந்தது.

"கேட்டுச்சா?"

"கிளைதான். கயிறைத் தளர்த்திட்டு வந்துடறேன்."

"போகாதே ட்ரெவர். காலையில பாத்துக்கலாம்."

"கயிறுக்குப் பயந்தா ஆத்துக்கு வந்திருக்கவே கூடாது, செல்லம். நீ இன்னொரு கப் எடுத்து வை. விருந்தாளி கோச்சுக்கப் போறாரு."

கைவிளக்கை எடுத்துக்கொண்டு போனார். போன வருடம் மருத்துவர்கள் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பிய மனிதர். அன்று மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்து, இந்தக் குரல் இன்னொரு முறை காதில் விழுந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் அவள். பிள்ளைகள் இல்லை. இந்த மனிதர் மட்டும்தான்.

படகு பின்பக்கம் அமுங்கியது. ட்ரெவரின் கனம். கூடவே அந்த இன்னொரு கனம், அவருக்கு வெகு அருகில்.

பிறகு படகு எழுந்தது. ஒரேயடியாக. தேநீர் கோப்பையில் சமமாக நின்றது.

தண்ணீரில் எதுவும் விழுந்த சத்தம் இல்லை.

"ட்ரெவர்?"

அடுப்பில் விறகு வெடித்தது. அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே வெள்ளையாக மூட்டம். அதற்குக் கீழே தண்ணீர். தண்ணீருக்கும் கீழே ஒரு வெளிச்சம். கைவிளக்கு. எரிந்தபடியே நகர்ந்து படகுக்கு அடியில் போனது.



டொக். டொக்.

கூரையில் இல்லை. அவள் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில்.

"மோரீன். உள்ள வரலாமா?"

அவர் குரலேதான். ஆனால் தன் சொந்தப் படகில் ஏற ட்ரெவர் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும். பதில் சொல்லக் கூடாது என்பது தெளிவாகவே தெரியும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரொம்பக் குளிருது, மோரீன்."

ஆசுபத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைகளும் இவைதான். அன்று தன் மேல்கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். கை தானாக வாயைவிட்டு இறங்கியது.

"வா" என்றாள் அழுதுகொண்டே. "வா, ட்ரெவர்."

படகு அமுங்கியது. அவளுடைய உள்ளங்காலுக்குப் பழக்கமான கனம். வந்துவிட்டார். அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

படகு மறுபடி அமுங்கியது.

மறுபடியும்.

மறுபடியும். தேநீர் கோப்பையின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. கோப்பையே நகர்ந்து நகர்ந்து கதவை நோக்கிப் போனது. கதவின் இடுக்கு வழியாக ஆறு உள்ளே வர ஆரம்பித்தது. தாழ்ப்பாள் மெல்லத் திரும்பியது.

"கப்பு பத்தாது, மோரீன்" என்றது ட்ரெவரின் குரல்.