உள்ளங்கையில் சீனி

எங்கள் அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். விருந்தாளிக்குப் பால்மா போடாமல் தேத்தண்ணி கொடுங்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். கொத்மலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் அம்மாவும், அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு அத்தையும், இன்னும் நான்கு பேரும் தேயிலை வளர்க்கிறார்கள். நல்ல கொழுந்தாகப் பார்த்துப் பறித்து, கையாலேயே உருட்டிக் காயவைக்கிறார்கள். உருட்டி உருட்டி அம்மாவின் உள்ளங்கை கறுத்தே போய்விட்டது.

நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் சரிபுதீன் முதலாளி அதைக் குடித்துப் பார்க்க வந்தார். பிடித்தால் மாதாமாதம் வாங்குவார். பிடிக்காவிட்டால், பழையபடி பச்சைக் கொழுந்தைக் கிடைத்த விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

அம்மா மூன்று கரண்டி பால்மா போட்டார். அத்தை இஞ்சி தட்டிப் போட்டார். என் தம்பி கிஷாந்த், யாரும் கேட்காமலே, கை நிறையச் சீனி போட்டான்.

முதலாளி குடித்தார். "இஞ்சி நல்லா இருக்கு" என்றார். போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று காலை அவர் மறுபடியும் வந்தார்.

"இன்னொரு தடவ பாப்போம். இல்லாட்டி வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் குசினிக்குள் ஓடினேன். அம்மா பால்மா டின்னைத் திறந்துகொண்டிருந்தார்!

"அம்மா! அவரு பால்மாவா வாங்க வந்தாரு?"

"சும்மா இரு சுலக்ஷனா. வீடு தேடி வந்த மனுசனுக்கு வெறும் சாயத்தண்ணியா குடுக்கிறது? நம்மள என்னன்னு நெனப்பாரு?"

"இஞ்சி எங்க வச்சீங்க?" என்று கேட்டபடி அத்தையும் உள்ளே வந்தார்.

"ஐயோ அத்தை!"

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? சண்டை போட்டால் கேட்க மாட்டார்கள். மரியாதை குறையக் கூடாது, அவ்வளவுதானே?

"சரி. எல்லாமே குடுப்போம். ஆனா தனித்தனியா" என்றேன்.

மூன்று சின்னக் கிண்ணங்களில் பால்மா, இஞ்சி, சீனி வைத்தேன். நடுவில் தேத்தண்ணி, வெறும் தேத்தண்ணி. அம்மா கிண்ணங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கொண்டுபோக விட்டார்.

"முதலாளி, கைய நீட்டுங்க" என்றேன்.

அவர் நீட்டினார். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி போட்டேன். நாங்கள் வீட்டில் தினமும் அப்படித்தான் குடிப்போம். கொஞ்சம் சீனியை நக்குவோம், ஒரு வாய் தேத்தண்ணி குடிப்போம்.

"அட, சின்ன வயசுல இப்புடிக் குடிச்சது!" என்று அவர் சிரித்தார். "மொதல்ல சும்மா ஒரு வாய் பாக்கிறேன் மகள்."

ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு வாய் குடித்தார். கதவோரம் நின்ற அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

கோப்பை காலியானது. சீனி அவர் உள்ளங்கையில் போட்டபடியே இருந்தது.

"போன தடவ ஏன் இதைத் தரல்ல?" என்று கேட்டார். "மாசம் அஞ்சு கிலோ அனுப்புங்க தங்கச்சி. எவ்வளவு கூடச் செஞ்சாலும் எடுப்பேன்."

அத்தை அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கிஷாந்த் முதலாளியின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அந்தச் சீனியை அவன் கையில் கொட்டினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசங்க முதலாளி. இருங்க, பால்மா போட்டு நல்லா ஒரு தேத்தண்ணி ஊத்தித் தர்றேன்!" என்று குசினிக்குள் ஓடினார்.

தேடட்டும். டின் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.