அவன் பிட்ட ரொட்டி

"கர்மம்... எவன் பிட்டான் இதை? மாட்டுக்குப் போடற புண்ணாக்குகூட இதைவிடச் சின்னதா இருக்கும்."

தமிழில்தான் முணுமுணுத்தாள் மோகனப்ரியா. சீனாவில், சியான் நகரத்தில், மழை விடாத ஒரு சாயங்காலத்தில், முஸ்லிம் தெருவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் என்ன திட்டினால் யாருக்குப் புரியப் போகிறது...

"நான்தாங்க பிட்டேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். கையிலிருந்த கரண்டி கிண்ணத்துக்குள் நழுவியது. திரும்பினாள். மழையில் நனைந்த கறுத்த முகம். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளிடமே அனுமதி கேட்கிற கண்கள்...

"தமிழா நீங்க?"

"திட்டு வாங்கறப்ப இல்லன்னு சொல்லலாம்னுதான் பார்த்தன்."

அந்தக் கடையின் வழக்கம் அப்படி. காய்ந்த ரொட்டியையும் வெறுங்கிண்ணத்தையும் முன்னால் வைத்துவிடுவார்கள். வந்தவர்தான் தன் கையால் பொடிப்பொடியாகப் பிட்டுப் போட வேண்டும். வெள்ளைத் தொப்பிக்காரர் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போய், ஆட்டுக்கறிக் குழம்பில் கொதிக்கவிட்டு, பிட்டவரிடமே கொண்டு வந்து வைப்பார். இன்றைக்கு இருந்த நெரிசலில் இரண்டு கிண்ணம் இடம் மாறிவிட்டது.

"அப்போ என்னோடது?"

"இதோ, பாதி காலி. எலி கொறிச்ச மாதிரி இவ்ளோ பொடியா பிட்டிருக்கே, யாரோ வேலைவெட்டி இல்லாதவங்கன்னு நெனைச்சிட்டன்."

"நான் குவாலிட்டி. எங்க கம்பெனியில மைக்ரான் கணக்குல பார்ப்போம்."

"நான் மெயின்டனன்ஸுங்க. சுத்தியலை எடுத்தா ஒரே போடு."

சிரித்துவிட்டாள். எந்த ஊர் என்று கேட்டால், ஓசூர். ஓசூரில் எங்கே என்றால், அவள் மூக்கண்டப்பள்ளி, அவன் சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் கம்பெனி இங்கே ஒரு மிஷின் வாங்குகிறது. அவன் கம்பெனி வேறொன்று வாங்குகிறது. ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போக இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். ஓசூரில் ஒரே சிக்னலில் எத்தனை முறை நின்றிருப்பார்களோ...

"உங்ககூட யாரும் வரலையா?"

"மேனேஜர் வந்தாரு. ரசப்பொடியை வெந்நீர்ல கரைச்சுக் குடிச்சிட்டு ஓட்டல்லயே படுத்துட்டாரு. நான்தான் புரட்டாசி முடிஞ்சதும் முதல் கறி இங்கதான்னு வந்தேன்."

"முதல் கறியை நான் கெடுத்துட்டன். வேற சொல்லட்டுமா?"

"வேண்டாம். வாய் வச்சாச்சு. இதையே சாப்பிடறேன்."

பெரிய துண்டு ஒன்றை எடுத்து ஊதி ஊதித் தின்றாள். அவன் தன் கிண்ணத்தை மறந்து அவளையே பார்த்தான். அவன் விரலால் பிட்டது அது. அவன் அம்மா முனிலட்சுமி தோட்டத்தில் பறிக்கும் ரோஜா எல்லார் வீட்டுச் சாமி படத்துக்கும் போகும். அம்மா கை பட்ட சோறு ஊரில் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல... நல்லா சாப்பிடறீங்க."

"நான் மோகனப்ரியா. உங்க பேரு?"

"தினேஷ்குமார்."

மழை தூறலாக மாறியபோது தெருவில் நடந்தார்கள். அவளிடம்தான் குடை இருந்தது. என்றைக்கோ ஒட்டகத்தில் சரக்கு ஏற்றி வந்த வணிகர்கள் இங்கேயே தங்கி, பெண் கட்டி, பேரன் பேத்தி எடுத்த தெரு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கட்டிடங்கள், சிவப்பு விளக்குகள், கம்பியில் குத்திய கறியின் புகை. தொழுகைக்குப் போகிற கிழவர்கள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கடையில் இரண்டு பேர் பெரிய மரச் சம்மட்டியால் வேர்க்கடலைப் பாகை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கடலை மிட்டாய்தான். என்னவோ கோபத்துல அடிக்கறாங்க" என்றான்.

"எங்க அப்பாகிட்ட இதைச் சொல்லிராதீங்க. கோவில்பட்டிக்காரரு. கடலை மிட்டாய்னா ஊர்ப்பெருமை."

"உங்கப்பாகிட்ட நான் எங்க பேசப் போறன்..."

அதைச் சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். குடைக்குள் இடம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது... காலை ஷிப்டுக்குச் சூளகிரி ஹைவே ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதையும், பனியில் பஸ் நம்பரே தெரியாததையும் அவன் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ கால். அப்பா.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுப்பா. தெருவைக் காட்டட்டுமா..."

"அது கெடக்கட்டும். பக்கத்துல நிக்கது யாரு?"

அவள் கை தானாகவே செய்தது. குடை சாய்ந்தது. தினேஷ் மறைந்துபோனான்.

"யாருமில்லப்பா. கூட்டத்துல யாரோ."

அக்கா லாவண்யாவின் முகம்தான் அந்த நொடி அவளுக்குள் வந்து நின்றது. அக்கா பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அதே மூக்கண்டப்பள்ளியில், அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அப்பா சுடலைமுத்து அவளைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடப்பார். அக்காவின் குழந்தை 'தாத்தா' என்று கூப்பிட்டபோதும் அப்படித்தான் நடந்தார்...

போனை வைத்துவிட்டுக் குடையை நிமிர்த்தினாள். தினேஷ் இரண்டடி தள்ளி மழையில் நின்றான்.

"இப்படி உள்ள வாங்க. நனையறீங்க."

"பழக்கந்தாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க... அப்பா ஒரு மாதிரி. எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேட்க ஆரம்பிச்சா..."

"கேட்டா சொல்லுங்க. எங்கப்பா பேரு சென்னப்பன். ரோஜாத் தோட்டத்துல கூலி. எங்க தெருவு ஊருக்கு வெளிய இருக்குது. இன்னும் ஏதாவது வேணுமா?"

"நான் அதைக் கேக்கல."

"கேக்கலைங்க. கேக்கறதுக்கு முன்னாடியே மறைச்சிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள். அக்காவின் கதையைச் சொல்லியிருப்பாள். சம்மட்டி சத்தம் இடைவிடாமல் கேட்டது. "பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவன் கூட்டத்துக்குள் நடந்தான். போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து கூப்பிடலாம்தான்... ஆனால் என்னவென்று கூப்பிடுவது? அவன் சொன்னதில் எது பொய்?

ஊர் திரும்பிய பிறகு கார்த்திகைத் தூறல் ஓசூரைப் பிடித்துக்கொண்டது. அந்த மிஷின் கப்பலில் வந்து சேர்ந்தது. மேனேஜர் கை கொடுத்தார். சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவளிடம் அம்மா பார்வதி கேட்டாள்.

"என்னட்டி, சீனாவுல எதையும் தொலச்சிட்டு வந்தியா?"

"ஆமாம்மா."

"என்னத்த?"

அடுப்படியில் அம்மா. கூடத்தில் டிவி முன்னால் அப்பா. அன்றைக்குத்தான் அவள் எழுந்து போய் அப்பாவின் எதிரே நின்றாள்.

மறுநாள் விடியற்காலை. சூளகிரி ஹைவே ஸ்டாப். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவள் கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். டிபன் பையோடு நின்ற தினேஷ், அவளை அடையாளம் கண்டதும் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வீட்ல சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு. பேரு கேட்டாரு, சொன்னேன். ஊரு கேட்டாரு, சொன்னேன். அடுத்து எதைக் கேட்பாருன்னு தெரியும். அவரு கேக்கறதுக்கு முன்னாடி அதையும் சொன்னேன்."

"அடிச்சாரா?"

"இல்ல. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சாரு. ராத்திரி தட்டை எடுத்துட்டு எனக்கு முதுகு காட்டி உக்காந்து சாப்பிட்டாரு."

லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான். "நான் வேண்டாம்னு சொன்னா என்னா பண்ணுவீங்க?"

"வேண்டாம்னா வேண்டாம். அன்னைக்குப் பயந்துதான் மறைச்சேன். எங்க அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த பயம். அது காரணம்தான், நியாயம் இல்ல. இனிமே உங்களை யாரோன்னு சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன். உங்ககிட்ட பதில் வாங்கறதுக்காக இல்ல."

கண் கலங்கியது அவளுக்கு. துடைக்கவில்லை. கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் மாரிமுத்து கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்ப்பா தினேசு, ஏறுறியா... இல்ல, உனக்கு இங்கயே டீ வாங்கி வைக்கட்டுமா?"

"நீங்க போங்கண்ணா. நான் இன்னைக்கி லீவு."

"நேத்து சொல்றதில்லையா?"

"நேத்து எனக்கே தெரியாதுண்ணா."

பஸ் போய்விட்டது. தினேஷ் சாலையையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னைக்கி நான் போவலைங்க."

"என்ன?"

"தெரு முனையில அந்த முரசு கோபுரம் இருக்குதில்ல, அதுக்குக் கீழ நின்னுட்டிருந்தன். நீங்க அழுதுட்டே வந்தீங்க. டாக்ஸி கெடைக்காம நின்னீங்க. ஏறிப் போற வரைக்கும் பார்த்துட்டுதான் இருந்தன். வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்... கால் வரல. பேசினா பிடிச்சிருக்குன்னு சொல்லிடுவன். சொன்ன பிற்பாடு நீங்க இன்னொரு தடவை மறைச்சா, தாங்க முடியாதுன்னு இருந்துது."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்குது. ஆனா பிடிச்சிருக்கு, மோகனா. அந்த ரொட்டியை நீங்க ஊதி ஊதித் தின்னப்பவே..."

முடிக்க முடியவில்லை அவனால். அவளும் முடிக்கச் சொல்லவில்லை. தூறல் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

"இனி எங்க போவீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"வீட்டுக்குத்தான். பேசாத வீடா இருந்தாலும் வீடுதானே. சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிஞ்சு வருவாரு. மறுபடியும் டிவி போடுவாரு."

"நானும் வரன்... உங்க வீட்டு கேட்டு வரைக்கும்."

ஓசூர் பஸ் தூரத்தில் மஞ்சள் விளக்கோடு வந்தது. அவள் கை காட்டி நிறுத்தினாள். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"கேட்டு வரைக்கும்னா வர வேண்டாம்."

கண்டக்டர் விசில் ஊதினார். தினேஷ் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஏறினான்.

"ரெண்டு மூக்கண்டப்பள்ளி குடுங்க" என்றான்.