சைகைக்காரன்

பொம்மையின் கை இறங்கியிருந்தது.

முந்தின நாள் மாலை வேலையை முடிக்கும்போது அவர்தான் அதைத் தூக்கி வைத்தார். உள்ளங்கை முன்னால் தெரிய, முழங்கை மடங்காமல், தலைக்கு மேலே. நிறுத்து என்று அர்த்தம். இப்போதோ காலை ஏழு மணி வெயிலில், வீட்டின் பின்புறத்தில் தோண்டியிருந்த குழியின் விளிம்பில், ஒரு சாண் உயரமுள்ள அந்தச் செப்புக்கம்பி மனிதன் கையைத் தாழ்த்திச் சுட்டுவிரலால் குழிக்குள்ளே காட்டிக்கொண்டிருந்தான். தோண்டு.

கம்பி தளர்ந்திருக்கும் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூனை தட்டிவிட்டிருக்கும். என்ன இருந்தாலும் பொம்மைதானே. நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அன்றைய வேலையை ஆரம்பித்தார்.

ஆபரேட்டர் என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் பொக்லைன் ஓட்டியவர். அதில் பதினெட்டு வருஷம் அவர் கண் குழியைப் பார்த்ததே இல்லை. நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட சைகைக்காரனின் கையைத்தான் பார்த்தது. கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குக் குழியின் அடி தெரியாது, வெளியே நிற்பவனுக்குத் தெரியும். அவன் விரல் கீழே சுழன்றால் தோண்ட வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து மண்ணைத் தட்டுவதுபோலக் காட்டினால் தள்ளி மூட வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கிற வேலையே கிடையாது. ஒரே ஒரு நாள் நெட்டை லீவு போட்டான். பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் தன் கண்ணை நம்பித் தோண்டினார். விளிம்பு சரிந்தது, வண்டி கவிழ்ந்தது, முதுகில் ஓர் இரும்புத் தகட்டோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து குனிய முடியாது. ஊன்றுகோல் இல்லாமல் நாலடி நடக்க முடியாது. கனமாக எதையும் தூக்கக் கூடாது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். முன்னறையில் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைசல் மெஷினைப் போட்டுக்கொண்டு, எட்டு மாதம் ராப்பகலாக உழைத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு பொக்லைன் செய்தார். சங்கிலிப் பட்டைக்குத் தொண்ணூற்றாறு கண்ணிகள்; ஒவ்வொன்றையும் அறுத்து, அரம் போட்டுத் தேய்த்தது. டிரில் மெஷினின் மோட்டார் எண்ணெய்ப் பம்பைச் சுற்றும், விரல் தடிமன் சிலிண்டர்கள் நீண்டு சுருங்கும், வாளி ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி மண்ணை அள்ளும். அப்புறம் ஒரு டிப்பர். அப்புறம் ஒரு புல்டோசர். மூன்றுக்கும் ஒரே ரிமோட். அதிலிருக்கும் சுவிட்சைத் தள்ளினால் எந்த வண்டி வேண்டுமோ அது பேச்சைக் கேட்கும்.

மனைவி ஒரு துணி ஆலையில் தையல்காரி. அவர் கிறுக்குத்தனத்தை அவள் கேலி செய்தாளே தவிர ஒரு நாளும் தடுத்ததில்லை.

“பெரிய வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்தினீங்க. இந்தக் குட்டி வண்டியாவது உங்கள வீட்டோட கட்டிப் போட்டிருக்கு. அது நல்லா இருக்கட்டும்” என்பாள்.

கை காட்ட ஆள் இல்லாத வேலையிடம் அவருக்கு மூளியாகத் தெரிந்தது. அதனால்தான் செப்புக்கம்பியை முறுக்கி, துணி சுற்றி, அந்தப் பொம்மையைச் செய்தார். அவள் ஆலையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டுத்துணி கொண்டுவந்து அதற்கு மேல்சட்டை தைத்துப் போட்டாள். “உங்க ஆளுக்கு யூனிஃபார்ம் ரெடி” என்று சிரித்தாள்.

அதன் கையை எந்தப் பக்கம் வளைத்து வைப்பது என்பதெல்லாம் முதலில் அவர் இஷ்டம்தான்.

கை இறங்கியிருந்த அந்தக் காலைக்குப் பிறகு, நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கண் தானாகப் பொம்மையிடம் போனது. அதில் ஒரு சுகம் இருந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டாரின் மெல்லிய முனகல், சூடான எண்ணெயின் வாசனை, வாளிப் பற்கள் சிறு கல்லில் உரசும் கரகரப்பு, வெட்டுப்பட்ட மண்ணிலிருந்து எழும்பும் பழைய குளிர்ச்சி; எதையும் யோசிக்க வேண்டாம், கை காட்டுகிறது, கட்டைவிரல் நகர்கிறது. விபத்துக்குப் பிறகு அவருக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததே இல்லை.

ஒரு நாள் தோளில் கை விழுந்ததும் திடுக்கிட்டார். மனைவி நின்றுகொண்டிருந்தாள், பை இன்னும் தோளிலேயே தொங்கியது. வெயில் போயிருந்தது.

“எத்தனை தடவை கூப்பிடறது? மத்தியானம் வச்சுட்டுப் போன சாப்பாடு அப்படியே இருக்கு.”

“இப்பதானே உட்கார்ந்தேன்?”

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, இவ்வளவு ஆழமா? கிணறு வெட்டப் போறீங்களா?”

அவரும் பார்த்தார். காலையில் முழங்கால் ஆழம் இருந்த குழி இப்போது இடுப்பளவு இருந்தது. தோண்டிய மண்ணெல்லாம் குழிக்கும் மதில்சுவருக்கும் நடுவே, விளிம்பை ஒட்டி, மலையாகக் குவிந்திருந்தது. தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதல் மணியில் சொல்லித்தரும் பாடம் அது. பாரம் தாங்காமல் கரை உள்ளே சரியும். அதை எப்படி மறந்தார்? மறக்கவில்லை. கை அங்கே காட்டியிருந்தது.

மறுநாள் மண்ணை வாரி வேறு பக்கம் போடுவதாக முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது குவியல் இன்னும் உயர்ந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் பொம்மை குழியின் அடியில், பொக்லைனுக்குப் பக்கத்தில் நின்றது. வண்டி இறங்க வெட்டிய சரிவுப் பாதையில் இறங்கி, மதில்சுவரின் பக்கம் முகம் வைத்து, சுவருக்கு அடியிலுள்ள மண்ணைக் காட்டிக்கொண்டு. ஆழம் நெஞ்சளவு. தரையில் விழுந்ததை எடுக்க வைத்திருந்த நீளமான இடுக்கியை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை.

“நீ அதை உள்ள வச்சியா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி வேர்க்குது?”

சொல்ல வாயெடுத்தார். என்னவென்று சொல்வது? ஒரு சாண் பொம்மை என்னை வேலை வாங்குகிறது என்றா? பாவம், அவரைக் குளிப்பாட்டுவது அவள், முதுகுக் கச்சையைக் கட்டிவிடுவது அவள், ராத்திரி வலியில் முனகினால் எழுந்து உட்காருவதும் அவள். புத்தி பேதலித்துவிட்டது என்ற கவலையையும் அவள் தலையில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

ரிமோட்டின் பாட்டரியைக் கழற்றி, ஊன்றுகோலால் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் பின்கதவைத் திறக்கவே இல்லை. இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. கூரைத் தகட்டில் மழை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே மோட்டார் முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். முனகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

நான்காம் நாள் வார விடுமுறை. மனைவி வீட்டில் இருந்தாள். மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது அவர் விரல்களில் எண்ணெய் ஒட்டியிருந்தது. நகக்கண்களில் ஈரமண். கட்டிலுக்கு அடியில் பாட்டரி இல்லை, அலமாரி திறந்து கிடந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். அழுதார். அவள் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“இதுக்குப் போயா? அந்தச் சனியன எடுத்து அடுப்புல போட்டா ஆச்சு” என்று எழுந்தாள்.

“சீக்கிரம் எடுத்துடும்மா.” அவரேதான் சொன்னார். அந்த நிமிஷம் அவருக்குப் பொம்மையைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

ஊன்றுகோலை ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, அவர் பின்வாசலில் போய் உட்காருவதற்குள் அவள் சரிவில் பாதி இறங்கியிருந்தாள். மேகம் மூடிய, வெளிச்சமும் இருட்டும் இல்லாத மாலை. காற்றே இல்லை. மண்ணிலிருந்து ஊறிய தண்ணீரின் வாடை. குழியின் அடியில் அவள் நின்றபோது தலைமுடி மட்டும்தான் விளிம்புக்கு மேலே தெரிந்தது.

அவ்வளவு ஆழமா?

அப்புறம்தான் அதைப் பார்த்தார். மண் குவியலின் அடியில், குழியின் பக்கம் ஒரு விரிசல். நூல் மாதிரி. விளிம்பு நெடுக. இருபத்தாறு வருஷத்தில் இரண்டே தடவை அவர் பார்த்த விரிசல். இரண்டு தடவையும் ஆம்புலன்ஸ் வந்தது.

“மேல வா!”

“இந்தா, எடுத்துட்டேன். காலு சேத்துல மாட்டிக்கிச்சு.”

“பொம்மைய விடு! மேல வா நீ!”

“கத்தாதீங்க, வரேன்.”

எழுந்திருக்கப் பார்த்தார். தகடு முதுகைக் கவ்வியது, கால் மடங்கியது, மறுபடியும் நாற்காலியிலேயே விழுந்தார். மார்பில் ஏதோ இடித்தது. ரிமோட். வார் கழுத்தில். எப்போது மாட்டினார்? பச்சை விளக்கு எரிந்தது.

குழிக்குள்ளிருந்து அவள் கை மேலே வந்தது. அதில் பொம்மை. மஞ்சள் சட்டை. “பாத்தீங்களா, வெறும் கம்பி” என்று காட்டினாள். அவள் விரல்களுக்கு நடுவே அது ஒரு கையை நீட்டிக் கீழே காட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அடியில்.

கண்ணை மூடிக்கொண்டார். மூடினார் என்றுதான் நினைத்தார்.

கட்டைவிரல் நகர்ந்தது.

கீழே மோட்டார் முனகியது. பற்கள் எதையோ பெயர்த்தன. ஒரே ஒரு வாளி. இரண்டு கைப்பிடி மண்.

“என்னங்க, வண்டிய ஏன்...”

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. குவியல் போனது. பின்னால் மதில்சுவர், செங்கல் செங்கலாக இல்லை, முழுசாகப் படுத்தது. தூசி எழும்பவில்லை, மழை மண்.

அவர் கத்தினார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. கத்தினார். தெருவில் ஏதோ வண்டி போனது, நிற்கவில்லை. நாற்காலியிலிருந்து தரையில் விழுந்தார். முழங்கையால் ஊர்ந்தார். ஒரு முழம். இரண்டு முழம். முதுகுக்குள் ஏதோ அறுந்தது. அதற்கப்புறம் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. ரிமோட் அவருக்கும் மண்ணுக்கும் நடுவே அழுந்திக் கிடந்தது. விளக்கு எரிந்தது.

குழி இருந்த இடத்தில், விழுந்த சுவருக்கு இந்தப் பக்கம், ஈரமண் சமமாகக் கிடந்தது.

மண் அசைந்தது.

ஒரு கை. மணிக்கட்டு வரை. வளையலோடு. உயிரோடு இருக்கிறாள். இருக்கிறாள்! விரல்கள் காற்றைத் தேடின. எதையாவது பிடிக்கப் பார்த்தன. ஒன்றும் அகப்படவில்லை. உள்ளங்கை கவிழ்ந்தது. மண்ணைத் தட்டியது. மெதுவாக. மறுபடியும். மறுபடியும்.

தட்டியது.

பதினெட்டு வருஷம் அந்தச் சைகையைப் பார்த்த கண்கள்.

“வேண்டாம்மா” என்றார். “அப்படிக் காட்டாத. கைய உள்ள இழுத்துக்கோ. காட்டாத.”

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளியது. குழியின் பக்கவாட்டில், விளிம்பில் தனியாக நின்ற சின்னப் புல்டோசர் ஒரு தடவை குலுங்கியது. முன்தகடு இறங்கியது. இரண்டு உள்ளங்கை அகலம். அது ஒரு பிடி மண்ணைத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அந்தக் கையை நோக்கி ஊர்ந்து வந்தது.