முன்னால் நிற்கிற ஆள்

கடையை இழுத்து மூடுகிற நேரத்தில்தான் லோகேஸ்வரி தன் காரைக் கொண்டுவந்து ரோட்டோரமாக நிறுத்தினாள். தயாளனுக்கு அலுப்பு. ஜார்ஜ்டவுனில் முப்பது வருஷமாகக் காடிக்கு வயரிங் பார்த்துப் பார்த்து, வயர் என்றாலே கண் எரிந்தது.

"அங்கிள், நேத்து கடல் பாலத்து நடுவுல ரெண்டு லைட்டும் செத்துப்போச்சு. பின்னால லாரி. நான் பொழச்சதே பெருசு. ராத்திரி எட்டு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஃபேக்டரியில ஷிஃப்டு."

"காடிய வச்சிட்டு பஸ்ஸுல போ."

"லேட்டா போனா வேலை போயிடும்லா."

பியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நல்லாத்தான் இருந்தது. ரிலேயை மாற்றிப் போட்டார். எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினார். ஒரு குறையும் இல்லை. குறை தெரியாத காடியை அவர் நம்புவதில்லை. லைட்டைக் குனிந்து பார்த்தார். அது இந்தக் காடியோடு வந்ததில்லை.

"இது எங்க வாங்குனது?"

"ஜுருவுல அங்கிள். மோதின காடிய வெட்டி விப்பாங்கள்ல, அந்தக் கடையில. மலிவு."

"அந்தக் காடி யார மோதுச்சுன்னு கேட்டியா?"

"அதெல்லாம் யாரு அங்கிள் கேப்பா?"

உள்ளே ஏறி உட்கார்ந்தார். தூக்கி நிறுத்திய பானெட் முன்பக்கத்தை மறைத்தது.

"முன்னால நின்னு சொல்லு. எரியுதா?"

"எரியுது."

"ஹைபீம்?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

கடைசியாகக் கேட்டபோது சுவிட்சை அணைத்திருந்தார். ஆளைச் சோதிப்பது அவர் வழக்கம்.

"கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே இறங்கினார்.

முன்னால் யாரும் இல்லை.

எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து, பிளாஸ்டிக் பையில் கட்டின தே இரண்டைத் தூக்கிக்கொண்டு லோகேஸ்வரி ரோட்டைக் கடந்து வந்தாள்.

"எப்ப போன நீ?"

"நீங்க உள்ள ஏறும்போதே போயிட்டேன். ஏன் அங்கிள்?"

தயாளன் லைட்டுப் பக்கம் குனிந்தார். பேய் என்றால் சிரிப்பாள். லைட்டுக்குள்ளிருந்து ஈரத் தார்ரோட்டின் வாடை வந்தது. மழை பெய்து பத்து நாளாயிற்று.

"நீ உள்ள போய் போடு. நான் நிக்கிறேன்," என்று பானெட்டை அறைந்து மூடினார். எரியாவிட்டால் சாவியைப் பிடுங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்.

வெயில் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளே இருப்பவளுக்கு எரிகிறதா இல்லையா தெரியாது. பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "எரியுதா அங்கிள்?"

இரண்டும் இருண்டு கிடந்தன.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"எரியுது."

அவருடைய குரல்தான். அவர் வாயிலிருந்து வரவில்லை. தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"தேங்க்ஸ் அங்கிள்!" காடியை ஒடித்துத் திருப்பினாள்.

கத்தினார். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து, அவளும் கையாட்டிக்கொண்டே பாலத்துப் பக்கம் போனாள்.

பக்கத்தில் அவர் குரல், அவர் யாரிடமும் பேசியிராத கனிவோடு சொன்னது:

"பாத்துப் போம்மா."