தறிச் சத்தம் நிற்கும்போது

சோமனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டே வேண்டாம். பக்கத்துக் குடோனில் விசைத்தறி தடதடவென்று ஓடினால் தொட்டிலில் அசையாமல் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் திடுக்கிட்டு எழுந்து ஊரைக் கூட்டும். ஜோவிதாவின் கைக்குழந்தை எழிலும் அப்படித்தான். அன்று காலையில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. எழில் அழவில்லை.

அடடா, பையன் நல்லாத் தூங்கறானே என்று அடுப்படியில் சந்தோஷப்பட்டவள், தொட்டில் சேலை துடிதுடிப்பதைக் கண்டு கிட்டே போனாள். பஞ்சுத் தூசியும் மெஷின் ஆயிலும் மணக்கிற அந்த வீட்டில், தொட்டிலுக்குள்ளிருந்து மட்டும் அப்போதுதான் தோண்டிய ஈரமண் வாடை வந்தது. எழில் விழித்திருந்தான். கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. உதடு நசுங்கியிருந்தது. ஒரு கன்னத்தில் ஒரு பெரிய குழி, மறு கன்னத்தில் வரிசையாக நாலு குழிகள். யாரோ வாயைப் பொத்தி அழுத்தியதுபோல. கையை மட்டும் காணோம்.

அவள் அலறுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓடின. குழிகள் மறைந்தன. பையன் வீறிட்டான்.

அந்தக் குடோனிலேயே தறி ஓட்டும் அவள் புருஷன் ஜெரோம் மத்தியானம் சாப்பிட வந்தான். சொன்னாள். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்பான் என்றுதான் நினைத்தாள். அவனோ சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அது அப்பா கை, ஜோவி."

மாமனார் பாக்கியசாமி போன மாதம்தான் கண்ணை மூடியிருந்தார்.

"இலங்கையில சண்டை நடந்தப்ப, வன்னியில பதுங்குகுழிக்குள்ள இருந்தோம். மேல ஆர்மி நடக்குது. என் தங்கச்சி கைக்குழந்தை, அழுதுபோட்டா. அப்பா வாயைப் பொத்துனாரு. அவங்க போனப்புறம் கையை எடுத்தாரு. அவ அழவே இல்ல." ஜெரோம் சுவரைப் பார்த்தான். "அகதியா இங்க வந்து, தறிக்குப் பக்கத்துல ஊடு வேணும்னு தேடிப் புடிச்சாரு. எந்தக் குழந்தை அழுதாலும் வெளிய கேக்காதுன்னு."

அவள் மாமாவை நினைத்துப் பார்த்தாள். பாவம், எத்தனை வருஷம் அந்தக் கையாலேயே சோறு தின்றிருக்கிறார்! ஆனால் பிள்ளை அவளுடையது.

சாயங்காலம் குடோன்காரர் ராமாமணி வாசலில் வந்து நின்றார். நூல் கொடுக்கும் ஜவுளிக்காரர்களிடம் கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் எல்லாம் ஸ்டிரைக்காம். பொழுது சாய்ந்ததும் ஊர் முழுக்கத் தறியை நிறுத்துகிறார்களாம்.

"ஏனுங்க, ஒரே ஒரு தறியாச்சும் ஓடட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க" என்று ஜோவிதா கெஞ்சினாள்.

"என்ன அம்மணி பேசறீங்க? நான் ஒருத்தன் ஓட்டுனா ஊரே என்னை ஒதுக்கிப்போடுமுங்க."

பெரியநாயக்கன்பாளையத்தில் அம்மா வீடு இருக்கிறது. மெயின் ரோட்டோரம், லாரிச் சத்தம் ஓயாது. ஜோவிதா பையில் துணிகளைத் திணித்தாள். ஜெரோம் வண்டிச் சாவியைத் தேடினான். வெளியே மழை இருட்டு கட்டியிருந்தது. ஒரு குடோனில் சத்தம் அடங்கியது. அதற்கடுத்த குடோனில் அடங்கியது. தெருக்கோடியிலிருந்து அமைதி ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது.

பக்கத்துத் தறிகளும் நின்றன.

ஈரமண் வாடை. அவள் மடியிலேயே எழிலின் கன்னங்கள் உள்ளே போயின. கண்ணுக்குத் தெரியாத விரல்களைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். பிடிக்க எதுவும் இல்லை. குழந்தையின் தோல்தான் நகத்தில் வந்தது.

"ஐயோ, விடுங்க மாமா! உங்க பேரன்தானுங்க! ஏனுங்க, சீக்கிரம் வாங்க!"

ஜெரோம் ஓடி வந்தான். மண்டியிட்டான். பிடுங்கப் போகிறான் என்றுதான் நம்பினாள். அவன் தன் வலது கையை அந்தக் குழிகளின் மேலேயே வைத்தான். பெருவிரல் ஒரு பக்கம். நாலு விரல் மறு பக்கம். கச்சிதமாகப் பொருந்தின.

"சத்தம் போடாதே," என்றான். கொங்குப் பேச்சு இல்லை. மாமாவின் வன்னிப் பேச்சு. "மேல நடக்கிறாங்கள்." அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அடித்தாள். அசையவில்லை. பையனின் கால்கள் உதைத்தன. மெதுவாக உதைத்தன.

அப்போது அவளுக்கும் கேட்டது. தகரக் கூரைக்கு மேலே. பூட்ஸ் சத்தம். ஒருவன் அல்ல, பலர். நேர் மேலே வந்து நின்றார்கள். காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஜோவிதா அழுகையை விழுங்கினாள். போரைக் கண்ணால்கூடப் பார்த்திராத அவள் கை மெல்ல எழுந்தது. ஜெரோமின் கைமேல் போய் உட்கார்ந்தது. அழுத்தியது.